வராத கப்பலைத் தேடிய விண்ணப்பம்

திங்கட்கிழமையிலிருந்து என் நாற்காலியில் நீங்கள் இருவரும் மாறி மாறி உட்காரப் போகிறீர்கள். அதன் பின்கால் ஒன்று ஆடும். அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன், எடுத்துவிடாதீர்கள். எழுத்து வேலையை நம் தலைமை எழுத்தரான பெரிய கிராணி சொல்லித் தருவார். எந்தத் தாள் எந்தக் கட்டில் போகும், எங்கே சாப்பு, அதாவது முத்திரை, குத்த வேண்டும் என்பதெல்லாம் சீக்கிரம் கைக்கு வந்துவிடும். நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. மேசைக்கு எதிரே நிற்கிறவர்கள் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வியைப் பற்றிச் சொல்வதற்காக.

பேர் சொல்வதற்கு முன்பே கேட்பார்கள். "எத்தன நாளாகும்மா?"

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததிலிருந்து எல்லாருக்கும் குடியுரிமைச் சான்றிதழ் வேண்டும். வேலைக்கு வேண்டும், பிள்ளை படிப்புக்கு வேண்டும், ஓட்டுக்கு வேண்டும். ஒன்றுக்கும் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டார் என்பதற்காகவாவது வேண்டும். மலாக்காவில் காஜா பேராங் சாலையோரத்து மண்டபத்தில் நம் பதிவு இலாகாக் கிளையைத் திறந்த நாளிலிருந்து இந்தப் பெஞ்சுகளில் ஒரு மனிதராவது அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலை ஆட்டுவார்கள், எழுந்து வாசல்வரை போய் வருவார்கள், குடையை விரித்து மடக்குவார்கள். அந்த அலைச்சல் மேசை தாண்டி நமக்கும் தொற்றிவிடும். எனக்குத் தொற்றியது. பிறவியிலேயே ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு டவுனில் இங்கிலீஷ் பள்ளி. இந்த மேசையில் நான் உட்கார்ந்த முதல் நாள் அப்பா சாலைக்கு அந்தப் பக்கம் நின்று சன்னல் வழியாகப் பார்த்தார். கையசைத்தேன். உள்ளே வராமலே போய்விட்டார். இப்போது எனக்குக் கல்யாணம். கல்யாணமான பெண்ணை நிரந்தர வேலையில் வைப்பதில்லை, வேண்டுமானால் மாதாமாதம் தற்காலிகமாக இருந்துகொள் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல வேலைக்காரியைத் தற்காலிகம் என்று கூப்பிடுகிற இடத்தில் என்னால் உட்கார முடியாது. திமிர் என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

கேள்விக்கு வருகிறேன்.

எத்தனை நாளாகும் என்றால் பெரிய கிராணி முன்பெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார்: "ரெண்டு கிழமை." அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அவர் பேச்சில் கிழமை என்றால் வாரம். தோட்டத்து ஆட்களுக்குக் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். நான் சேர்ந்த புதிதில் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவுகிற ஒருவர் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வேலைக்குப் போகாமல் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். என்ன அண்ணே என்று விசாரித்தேன்.

"ரெண்டு கிழமைன்னாரே. நேத்து செவ்வா, இன்னிக்குப் புதன். ரெண்டும் முடிஞ்சிருச்சு. கூப்பிடச் சொல்லும்மா."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த இரண்டு நாள் பேர் அவருக்கு விழவில்லை, கூலி போயிற்று, கங்காணியிடம் ஏச்சும் வாங்கியிருந்தார். நாம் வாயில் வந்ததைச் சொல்லிப் பெஞ்சைக் காலி செய்துவிடுகிறோம். வாங்கிக்கொண்டு போகிறவர் அதை வாக்குறுதியாக வைத்திருப்பார். அன்றே தீர்மானித்தேன், இந்த மேசையிலிருந்து நான் நாள் கணக்குச் சொல்வதில்லை என்று. ஆனால் தெரியாது என்று சொல்வதும் பதில் இல்லை என்பது எனக்குச் செல்லம்மா அக்கா வந்த பிறகுதான் உறைத்தது.

செல்லம்மா அக்கா அப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் தற்காலிக ஆயா. வார்டு கழுவுவது, துணி அலசுவது. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். கம்போங் செட்டிக்குப் பின்னால் ஒரு வீட்டின் ஒட்டு அறையில் இருந்தார்கள். மழை பெய்தால் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைத்தான் முதலில் தூக்கிக் கட்டிலில் வைப்பாராம், பிறகுதான் பிள்ளைகளை. ஆஸ்பத்திரியில் சில ஆயாக்களை நிரந்தரமாக்கப் போவதாகச் செய்தி வந்தது. நிரந்தரம் என்றால் குவார்ட்டர்ஸில் ஒழுகாத ஓர் அறை. ஆனால் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். தலைமை நர்ஸான பெரிய மிஸ்ஸி நல்ல மாதிரியாகவே சொல்லியிருக்கிறார்: மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கொண்டு வா, இல்லாவிட்டால் உனக்கு அடுத்திருக்கிறவளை எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

வேலை முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராக இங்கே வருவார். உட்காரமாட்டார். தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, என் கை ஓயும்வரை பார்த்திருந்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்பார். விசாரணையில் இருக்கிறது என்பேன். சரிங்க கிராணியம்மா என்று போய்விடுவார். மாதம் பாதி தாண்டியபோது மட்டும் குரல் மாறியது.

"எனக்கு அப்புறம் எழுதிக் குடுத்தவங்களுக்கெல்லாம் வந்திருச்சு. என்னோடது மட்டும் எங்கம்மா படுத்துக் கெடக்கு?"

அந்த மத்தியானம் என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து பெரிய கிராணியின் மேசைக்குப் போனேன். அவரிடம் விவரம் இருந்தது. செல்லம்மா இந்தியாவில் பிறந்தவர் என்று விண்ணப்பத்தில் இருக்கிறதாம். வெளியே பிறந்தவர் என்றால் எப்போது வந்தார், எத்தனை காலமாக இங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அதற்காகக் குடிநுழைவு இலாகாவுக்கு எழுதியிருக்கிறது. அவர்கள் பழைய கப்பல் பதிவுகளில் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம் என்று தெரிந்தால் சீக்கிரம் முடியும். "அவவைக் கேட்டுச் சொல்லும் பிள்ளை, கெதியா முடிச்சிடலாம்" என்றார்.

திரும்பி வந்து கேட்டேன். "அக்கா, நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க?"

"கப்பலா?" என்றார் செல்லம்மா அக்கா. "நான் கரையில நின்னுகூடக் கப்பலப் பாத்ததில்லையே."

"அப்ப இந்தியாவுல பொறந்ததா ஏன் சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? பெரியவரு அசல் மானான்னு கேட்டாரு. துறையூருன்னேன். எங்க அசல் துறையூருதானே?"

பெரிய கிராணிமேல் பழி போட நான் இதை எழுதவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போகிற மனிதர் அவர், அவ்வளவுதான். தோட்டத்து ஆட்களுக்கு அவருடைய தமிழ் பாதிதான் புரியும், அவருக்கும் அவர்களுடையது அப்படித்தான். மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டால் நேரமாகும். எல்லாருக்கும் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் தெரியும் என்பதால் மலாயிலேயே கேட்டுவிடுவார்: "அசல் மானா?" எங்கிருந்து வந்தவர் என்று பொருள். கேட்பதும் ஒரு மூச்சு, பதிலும் ஒரு மூச்சு. அந்தப் பதிலைப் பிறந்த இடத்துக்கு நேரே எழுதிவிடுவார்.

நம் ஆள் காதில் விழுவது வேறு. மலாய்க்காரர் சொல்கிற அசலும் நாம் சொல்கிற அசலும் ஒரே சொல் மாதிரிதான் ஒலிக்கும். நமக்கு அசல் என்றால் நகல் இல்லாதது. உன் உண்மையான ஊர் எது என்று சர்க்காரே கேட்கும்போது, மலாக்காவில் ஏதோ ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பேரையா ஒருவர் சொல்வார்? நிமிர்ந்து நின்று துறையூர் என்பார், நாமக்கல் என்பார். சிலர் குலதெய்வத்தின் பேரையும் சேர்த்துச் சொன்னதுண்டு.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. பக்கத்து மேசைக்குத் திரும்பினேன். பாக்கியத்தை உங்களுக்குத் தெரியும். கம்போங் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறி மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட செட்டிகளின் வம்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள், தலையில் பூ வைப்பாள், மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டை உடுத்துவாள். தமிழில் நாலைந்து சொல்லுக்குமேல் தெரியாது. என்னைவிட மூத்தவள் என்பதால் மலாய் முறைப்படி காக்கா, அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன். முதல் தடவை கூப்பிட்டபோது வரிசையில் நின்ற ஒரு தாத்தா "எங்கம்மா காக்கா?" என்று கூரையைப் பார்த்தார்.

"காக்கா, உன் அசல் மானா?" என்றேன்.

தட்டச்சிலிருந்து தலையைத் தூக்காமலே காஜா பேராங் என்றாள். வேறு எந்த ஊர் என்று நினைத்தாய் என்பது போல.

உங்கள் முன்னோர் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வந்தவர்கள்தானே என்றேன். வந்திருப்பார்கள், ஆனால் அங்கிருந்து எனக்கு ஒருவரும் கடுதாசி போடவில்லையே என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, நீ சொல்" என்றாள்.

என் வாய் தானாகத் திறந்து "முசிறி" என்றது. முசிறியை நான் பார்த்ததில்லை. அது எந்தத் திக்கில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பூகோளத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான்.

பாக்கியம் சிரித்தாள். கண்ணால் பார்க்காத ஊர்மேல் உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு உறுதி என்றாள். அவளும் நானும் ஒரே தெருவில் குடியிருக்கிறோம்.

இனி என்ன செய்வது? பெரிய கிராணியிடம் மறுபடி போனேன். அவர் முகம் சுருங்கியது. "பிள்ளை, அவ சொன்னதைத்தான் நான் எழுதினனான். இப்ப மாத்திச் சொன்னா பொய் எண்டுதான் எடுப்பினம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிறப்புப் பத்திரம் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்து ஆபீசே இல்லாமல் போய்விட்டது. புதிதாக விண்ணப்பம் எழுதலாம், ஆனால் வரிசையின் வாலுக்குப் போய்விடும். ஒரே ஒரு வழி இருந்தது. துவான் என்று நாம் கூப்பிடுகிற பதிவு அதிகாரி வியாழன்தோறும் நம் கிளைக்கு வருவார். பிறப்பை நேரில் கண்ட ஒருவர் அவர் முன் சத்தியம் செய்து சொன்னால் அங்கேயே திருத்தலாம். அந்த மாதத்தில் ஒரு வியாழக்கிழமைதான் மிச்சம் இருந்தது.

செல்லம்மா அக்காவுக்கு உடனே ஆள் நினைவுக்கு வந்தது. பேச்சி. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவம் பார்த்தவர், செல்லம்மாவைப் பூமிக்கு எடுத்த கை அவருடையது. இன்னும் அங்கேயே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருந்தார்.

நானே பஸ் பிடித்துப் போய்க் கூட்டிவந்துவிடலாமா என்று துடித்தது. போகவில்லை. நான் கூட்டி வந்தால் அது என் சாட்சி ஆகிவிடும், செல்லம்மாவின் சாட்சியாக இருக்காது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு எனக்கு ஆன பாடு கொஞ்சமல்ல. வியாழன் காலை முழுக்க மழை. துவான் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குமேல் கிளம்பிவிடுவார். நான் எழுதுகிற தேதியையே இரண்டு தடவை அடித்தேன். பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய் வந்தேன். "கிராணி வேலைக்கோ, கேட் பாக்கிற வேலைக்கோ நீர் சம்பளம் எடுக்கிறீர்?" என்றார் பெரிய கிராணி.

ஒரு வழியாக வந்தார்கள், இருவரும் தெப்பலாக நனைந்து. பேச்சி குள்ளமான, கட்டையான பெண்மணி. வாய் நிறைய வெற்றிலை. வராந்தாவில் வைத்துச் சும்மா கேட்டுப் பார்த்தேன். "பெரியம்மா, இந்தக்காவுக்கு எந்த ஊரு?"

"துறையூரு," என்றார் பேச்சி, பட்டென்று. "இவ அப்பன் எங்கூடத்தான் கப்பலேறுனான்."

செல்லம்மா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தா, உள்ள அப்படிச் சொல்லிராத ஆத்தா. மலாக்கான்னு சொல்லு."

"எதுக்குடி மலாக்கா? ஒங்கப்பன் ஊர மாத்தச் சொல்றியா? பொய்ச் சத்தியம் பண்ணவா என்னய மழையில இழுத்தாந்த?"

"தங்கச்சி, நீ சொல்லிக் குடு," என்று செல்லம்மா அக்கா என் கையைப் பிடித்தார். அதுவரை கிராணியம்மா என்றுதான் கூப்பிட்டிருந்தார். "நீ படிச்ச புள்ள. என்னா சொல்லணும்னு நீ சொன்னா கேட்டுக்கும். எம்புள்ளைங்க மொகத்துக்காகச் சொல்லிக் குடு."

இங்கேதான் நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்களையும் கையைப் பிடிப்பார்கள். சொல்லிக் கொடுப்பது சுலபம். மூன்று வார்த்தைதான். அதுவும் பொய்கூட இல்லை. ஆனால் சொல்லிக் கொடுத்த சாட்சி முதல் கேள்விக்குத்தான் தாங்கும். இரண்டாவது கேள்வியை வேறு மாதிரிக் கேட்டால் பேச்சி என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். அந்த ஒரு பார்வை போதும். செல்லம்மாவின் விண்ணப்பம் அன்றோடு முடிந்துபோகும். அதற்குப் பிறகு இந்த மேசையில் ஒரு தமிழாள் உண்மையைச் சொன்னாலும், யார் சொல்லிக் கொடுத்தது என்றுதான் கேட்பார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டேன். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்று பேச்சியிடம் சொன்னேன். செல்லம்மா அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் நேராக வாங்க முடியவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.

துவான் இளைஞர். வெள்ளைக்கார அதிகாரி போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர். ஒரு சொல்லைக் கேட்டால் அதை எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்வார். பாக்கியம் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்திருந்தாள். பெரிய கிராணி கதவோரம் நின்றார். நான் மொழிபெயர்ப்பாளர் இடத்தில். பேச்சி சத்தியம் செய்தார். துவான் பேனாவை எடுத்துக்கொண்டு, நான் மொழிபெயர்க்கத் தேவையே இல்லாத எளிய மலாயில் கேட்டார்: இந்தப் பெண் அசல் மானா?

பேச்சியின் வாய் திறந்தது. "துறை" என்பதுவரை வந்துவிட்டது.

"துவான், மன்னிக்க வேண்டும்," என்றேன் மலாயில், சற்று உரக்கவே.

சத்தியம் செய்த சாட்சி பேசும்போது மொழிபெயர்ப்பாளர் குறுக்கே பேசக்கூடாது. அது எனக்குத் தெரியும், பெரிய கிராணிக்கும் தெரியும். அவர் கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். துவான் பேனாவைப் பிடித்தபடியே நிமிர்ந்தார். என்ன என்று கேட்டார்.

நான் பதில் ஒன்றும் சொல்லித் தரவில்லை, கேள்வியைப் பற்றித்தான் முறையிடுகிறேன் என்றேன். அசல் என்று கேட்டால் எங்கள் ஆட்கள் பாட்டன் ஊரைச் சொல்வார்கள், அது அவர்களுக்கு மானப் பிரச்சினை. என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் நான் பிறந்தது இந்த மலாக்கா மாநிலத்தில். தாய் இவரை எங்கே பெற்றாள் என்று துவானே உங்கள் வாயால் மலாயில் கேளுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன், பேச்சியின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.  

 துவான் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். நீ அசல் மானா என்று கேட்டார். காஜா பேராங், துவான் என்றாள். என்னைக் கேட்டார். முசிறி, துவான் என்றேன். அது எங்கே இருக்கிறது என்றார். தெரியாது, துவான் என்றேன். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. என் தாத்தாவைக் கேட்டால் அவரும் கடலுக்கு அந்தப் பக்கத்து ஊர் ஒன்றைத்தான் சொல்வார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு பேச்சியிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: இவளுடைய அம்மா இவளை எங்கே பெரானாக்?

பெரானாக் என்றால் பிள்ளை பெறுவது. பேச்சிக்கு அது தொழில் சொல். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இங்கதான் துவான்," என்றார் பேச்சி, இதென்ன கேள்வி என்பது போல. அதற்குப்பின் மலாயும் தமிழுமாகக் கொட்டினார். ரெண்டாம் லயம், கிணத்தடி வீடு. இதே மாதிரி மழை. விளக்குப் பிடிக்க ஆளில்லை. "இவ அப்பன் வெளிய நின்னு என்னயவிட அதிகமாக் கத்துனான். அத்தன பயந்தாங்கொள்ளி." தமிழாக வந்த இடத்தில் துவான் என்னைப் பார்த்தார். பயந்தாங்கொள்ளியையும் விடாமல் மொழிபெயர்த்தேன். பாக்கியம் அதையும் தட்டினாள்.

அந்தத் தோட்டத்தில் எத்தனை பிள்ளைகளை எடுத்திருப்பாய் என்று கேட்டார் துவான். கணக்கில்லை என்றார் பேச்சி. அவர்கள் எல்லாம் அசல் எங்கே? துறையூர், முசிறி, நாமக்கல் என்று விரல் மடக்கினார். பிறந்தது?

"எல்லாம் அந்த லயத்துலதான் துவான். லயத்த விட்டுட்டு வேற எங்க போய்ப் பெப்பாளுக?"

துவான் பேனாவைக் கீழே வைத்தார். பெரிய கிராணியைக் கூப்பிட்டு, குடிநுழைவு இலாகாவுக்கு இப்படி எத்தனை பேருக்குக் கப்பல் தேடச் சொல்லி எழுதியிருக்கிறோம் என்று கேட்டார்.  பெரிய கிராணி அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்த கட்டுகளைப் பார்த்தார்.

வராத கப்பலைத் தேடினால் எத்தனை நாளாகும்? தேடிக்கொண்டே இருக்கலாம். சான்றிதழைத் தட்டச்சு செய்யவும் சாப்பு குத்தவும் பிடிக்கிற நேரத்தில் ஒரு கோப்பி ஆறாது. மீதி நாளெல்லாம் இவர் சொல்வது உண்மைதான் என்று யாரோ நம்புவதற்கு ஆகிற நாள். அந்த நாளைக் கூட்டுவதும் குறைப்பதும் முதல் நாள் இந்த மேசையில் நாம் கேட்கிற விதம். ஒரு மூச்சு மிச்சம் பிடிக்க அசல் மானா என்று கேட்டோம், செல்லம்மா அக்காவுக்குத் தூணோரம் கால் கடுத்தது. அன்றோடு அந்தக் கேள்வியை நிறுத்தினோம். பெஞ்சில் முணுமுணுத்தார்கள், வரிசை மெல்லத்தான் நகர்ந்தது, ஆனால் போன விண்ணப்பங்கள் திரும்பி வருவது குறைந்தது.

செல்லம்மா அக்காவுக்கு வேலை கிடைத்தது. இப்போது குவார்ட்டர்ஸில் இருக்கிறார். போன வாரம் என் கல்யாணச் செய்தி கேட்டு வந்தவர், "எனக்கு நெரந்தரம் வாங்கிக் குடுத்துட்டு நீ நெரந்தரத்த விட்டுட்டியே தங்கச்சி" என்று வம்பிழுத்துவிட்டுப் போனார். ஆனால் அந்தச் சான்றிதழ் கடைசி நாள் கடைசி நேரம்வரை இழுத்தது. வியாழன் திருத்திய தாள் தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்துக்குப் போனது. வெள்ளிக்கிழமைத் தபால் பையில் வரவில்லை. சனிக்கிழமை மாதக் கடைசி. செல்லம்மா அக்கா காலையிலேயே வந்து தூணில் சாய்ந்துவிட்டார். என்னோடு பேசவில்லை. வியாழனன்று நான் கையை உதறியதை அவர் இன்னும் மறக்கவில்லை. பெரிய கிராணியின் நாற்காலி காலியாக இருந்தது. அவர் ஒருநாளும் லேட்டாக வந்தவரில்லை. எனக்கு உள்ளே எரிந்தது.

பதினோரு மணிபோலச் சைக்கிள் மணி கேட்டது. பெரிய கிராணி மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். கோட்டுக்குள் கைவிட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றிய உறையை எடுத்து என் மேசையில் வைத்தார். நேரே தலைமை அலுவலகத்துக்குப் போய் நின்று வாங்கி வந்திருக்கிறார். "தபாலை நம்பி இருக்கேலாது," என்றார்.  துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

செல்லம்மா அக்கா கைகளைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். தலைகீழாகப் பிடித்திருந்தார், திருப்பிக் கொடுத்தேன். படிச்சுக் காட்டு என்றார். பேர் படித்தேன். பிறந்த இடம், மலாக்கா என்று படித்தேன். கீழே துவானின் கையெழுத்து, சிவப்புச் சாப்பு. முழுக்கக் கேட்டுவிட்டு அவர் அந்தத் தாளை மறுபடி உற்றுப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி தங்கச்சி. துறையூரு எங்க இருக்கு இதுல?"

 துறையூர் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்த பாக்கியம் என்ன கேட்கிறாள் என்றாள். சொன்னேன். அவள் தட்டுவதை நிறுத்தாமலே மலாயில் சொன்னாள், செல்லம்மா அக்காவுக்கும் அது நன்றாகவே புரிந்தது: "அதைப் பத்திரமா வீட்டுல வச்சுக்கச் சொல்லு. அதுக்கு இந்த ஆபீசுல சாப்பு கெடையாது."

செல்லம்மா அக்கா முதல் தடவையாகச் சிரித்தார். தாளை எண்ணெய்த்தாளில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார். குடையைத் தூணோரம் விட்டுவிட்டார். கூப்பிட்டேன், திரும்பவில்லை.

முதல் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், கால் நிலையாக நிற்கவில்லை.

"எனக்கு எத்தன நாளாகும்மா?"

"உக்காருங்கண்ணே," என்றேன். "ஒங்கம்மா ஒங்கள எந்த லயத்துல பெத்தாங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."